மூன்று வயர்

“பேப்பரை உருவு. மெதுவா, மெதுவா. கிழிஞ்சா மறுபடியும் முதல்லேருந்து.”

கட்டிலில் சாய்ந்தபடி தம்பி அதட்டினான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதட்டலுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் காரின் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் செருகியிருந்த காகிதத் துண்டை விரல் நுனியால் இழுத்தாள். கிழியாமல் வந்தது. அதன் மேல் வரிசையாகப் பல் தடம் பதிந்திருந்தது.

“கடி சரியா இருக்கு,” என்றாள்.

அவளுக்குப் பிழைப்பே பல்செட் செய்வதுதான். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே காகிதம் வைத்துக் கடி பார்ப்பது அன்றாட வேலை. “வேலைக்குப் போனா ஊர்க்காரன் பல்லு. லீவு போட்டு வந்தா உன் கார் பல்லு. என் தலையெழுத்தைப் பாரு.”

“உன் நல்லதுக்குத்தான். அந்த வேலை போனாலும் இந்த வேலை கையில இருக்கும்ல?” என்று சிரிக்கப் பார்த்தவன் இருமினான்.

கார் என்றால் குழந்தை உருட்டும் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. ரிமோட்டில் ஓடுவதுதான், ஆனால் ஒரு டிரங்குப் பெட்டி அளவு. தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்குள் நிஜமான பெட்ரோல் இன்ஜின் இருந்தது. அவன் அதைக் கிளப்பினால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். அது விடும் புகைக்காகத் தெருக்காரர்கள் வைத்த பெயர் புகைவண்டி.

நுரையீரல் மோசமாகி ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்த அன்று, “இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு பெட்ரோல் வரக் கூடாது,” என்று சொல்லி அவன் மனைவி காரை வெளியே கொட்டகையில் போட்டுவிட்டாள். நியாயமான பேச்சு, யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் அன்றிலிருந்து அவன் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவளேதான் மோட்டாரும் பேட்டரியும் வாங்கி வந்து கட்டிலில் வைத்தாள். “பெட்ரோல்தானே கூடாது? கரண்ட்ல ஓட்டுங்க. ஆனா நீங்க ஓட்டறதை நான் பாக்கணும்.”

அவன் கை நடுங்கியதால் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. இன்ஜினையும் டேங்கையும் புகைக்குழாயையும் கழற்றினாள். அந்த இடத்தில் தகடு போட்டு மோட்டாரைத் திருகி மாட்டினாள். சூடு வைத்து வயர் ஒட்டுகிற வேலையை மட்டும் மெஷினுக்குப் பயந்து கொல்லைப்புறத்தில் முடித்தாள். அவ்வளவும் செய்து, இதோ, கடியும் சரியாக அமைந்துவிட்டது.

“கொண்டு போய்க் கூடத்துல வை. ஓட்டிப் பாத்துடலாம்.”

“உன் பொண்டாட்டி ரொட்டிக் கம்பெனியிலேருந்து வரட்டும்டா. பாக்கணும்னு சொன்னாள்ல?”

“சும்மா டெஸ்ட்தான். மேடம் முன்னாடி ஓடாம நின்னா மானம் போயிடும். அக்கா, அக்கா, ஒரே ஒரு தடவை.”

சின்ன வயதிலிருந்தே இந்தக் கெஞ்சலுக்கு அவள் தோற்றுத்தான் போயிருக்கிறாள். காரைக் கூடத்துக்குத் தூக்கிப் போய், அறையைப் பார்த்தபடி நிறுத்தி, பேட்டரியை மாட்டினாள். பீப் பீப் என்று கத்திவிட்டு அது அடங்கியது.

“ஆன் ஆச்சா?”

“ஆச்சு.”

“சத்தமே இல்லையே.”

“கரண்ட் வண்டிடா. நிக்கும்போது உறுமாது.”

“இது என்ன வண்டி,” என்று முகம் சுளித்தான். ஆனால் ரிமோட்டைக் கையில் வாங்கியதும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. கார் பாய்ந்து வரும் என்று அக்கா கதவை விட்டு ஒதுங்கினாள். அவன் அழுத்தினான். கார் முகத்தை இவர்கள் பக்கம் வைத்துக்கொண்டே விருட்டென்று பின்னால் போய், சமையலறை வாசலில் இருந்த உருளைக்கிழங்குக் கூடையில் மோதிக் கவிழ்த்தது.

“அடப்பாவி!” என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். கண்ணில் நீர் வர, இருமி இருமிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவளுக்கும் அடக்க முடியவில்லை. மூலைக்கு மூலை உருளைக்கிழங்கு உருண்டு கொண்டிருந்தது.

“மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துது,” என்றான் மூச்சு வாங்க. “அதுக்கு மூணு வயர் வருதுல்ல, எதாவது ரெண்டை இடம் மாத்திச் சொருகு. போதும். மேடம்கிட்ட மூச்சு விடாத. அவ பாக்கறதுதான் முதல் ஓட்டம்.”

“சரி, கொஞ்சம் கண்ணை மூடு.”

“ரிமோட்டை எடுக்காத.”

“நீயே வச்சுக்க, ராசா.”

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கிழங்குகளைப் பொறுக்கினாள். வயர்களை மாற்றிச் சொருகினாள். சரிபார்க்க ரிமோட் வேண்டும். உள்ளே போனாள். அவன் அதை மார்பில் அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்திலும் அவன் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்க முடியாது. இழுத்தால் பிடி இறுகும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவள் மெல்ல இழுத்தாள்.

ரிமோட் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது.

“டேய்,” என்றாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். “டேய், வயரை மாத்திட்டேன்டா.”

மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேலையிலிருந்து ஓடி வந்த அவன் மனைவிதான் கடைசியில் அணைத்தாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வந்தார்கள், அழுதவர்கள் அழுதார்கள். யாரோ காரை நாற்காலிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். மறுநாள் எல்லாம் முடிந்து வீடு காலியானது. “நான் வேலைக்குப் போயிருக்கவே கூடாது,” என்று அவன் மனைவி யாரைப் பார்த்தாலும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் அலமாரிக்கு அடியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்தாள். “இது எப்படி இங்க வந்துச்சு?”

அக்கா காரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் கிழங்கையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அண்ணி, அவர் ஓட்டினாரா?”

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான்,” என்றாள் அக்கா. “ஓட்டினான்.”

“நல்லா ஓடிச்சா?”

நல்லா ஓடிச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கலாம். அக்கா எழுந்து போய்க் காரை இழுத்து வந்தாள். அறையைப் பார்த்தபடி, அதே இடத்தில் நிறுத்தினாள். சரியாக இருந்த வயர்களில் இரண்டை உருவி, தப்பாகச் சொருகினாள். கூடையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, பேட்டரியை மாட்டினாள். பீப் பீப்.

“நீ போய் அவன் இடத்துல உக்காரு,” என்று ரிமோட்டைக் கொடுத்தாள். “இதை அழுத்து.”

அழுத்தினாள். கார் முகத்தை இவர்கள் பக்கம் வைத்துக்கொண்டே பின்னால் போனது. கூடை கவிழ்ந்தது.

கடைசிக் கிழங்கும் உருண்டு நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவள், “அடப்பாவி,” என்றாள்.

அக்கா கிழங்குகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, கூடையை மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.