நீல டேப் சுற்றிய கம்பி

காற்றுக்கு ஒளித்துக்கொண்டே ஒருவன் பெரிய ஆளாகலாம் என்பதற்குத் திருகோணமலையில் இராகுலனை விட்டால் வேறு சாட்சி தேவையில்லை. துறைமுகத் துவிச்சக்கரவண்டிக் கழகத்தின் தலைவர் அவர். ஞாயிறு விடியக் கடற்கரையில் கூடி, நிலாவெளி வழியாக இறக்கக்கண்டிப் பாலம் வரைக்கும் ஓடித் திரும்புகிற பத்துப் பதினைந்து பேருக்கு அவர் சொல்லே வேதம். தலைக்கவசத்தை எப்படிக் கட்டுவது, எப்போது தண்ணீர் குடிப்பது, எந்த வாழைப்பழம் நல்லது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பிரசங்கம் இருந்தது. ஆனால் வரிசையின் முன்னுக்குப் போய் அவர் ஓடியதைக் கண்டவர் யாருமில்லை.

வரிசையின் ஒழுங்கு இதுதான். முன்னுக்குப் போகிறவர் காற்றை நெஞ்சில் வாங்குவார். அவர் பின்னால் சில்லோடு சில்லாக ஒட்டி ஓடுகிறவர்களுக்குப் பாதிக் களைப்புக்கூட வராது. முன்னவர் களைத்ததும் முழங்கையை ஒருதரம் ஆட்டிவிட்டு விலகிக் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முன்னுக்கு வருவார். இராகுலனின் முறை வருகிறபோது மட்டும் அவருக்குத் தண்ணீர் விடாய்க்கும். இல்லாவிட்டால், கடைசியில் வருகிறவர்கள் மேல் திடீரென்று அக்கறை பிறக்கும். தலைவர் என்றால் எல்லாரையும் பார்க்க வேண்டாமா என்று சொல்லி வேகத்தைக் குறைப்பார். கழகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாத ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

இந்த மனிதரின் வாழ்க்கையில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அவர் மனைவி பூரணியால். அவளுக்குச் சீனி வருத்தம் தொடங்க, உடம்பை அசைக்கச் சொன்னார் டொக்டர். இராகுலன்தான் கொழும்பிலிருந்து ஒரு பழைய றேஸ் சைக்கிளை வாங்கிக் கொடுத்தார், லிங்கநகர் ஒழுங்கைகளில் கியர் மாற்றவும் பழக்கினார். ஆசிரியர் நல்லவர்தான். மாணவி அவரை விட நல்லவளாகிப் போனதுதான் பிழை. இறக்கக்கண்டியிலிருந்து திரும்புகையில் ஆனி ஆடிக் கச்சான் காற்று எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அந்தக் காற்றில் பூரணி தலையைக் குனிந்து முன்னுக்குப் போவாள், முழங்கையை ஆட்டவே மாட்டாள். அவளுடைய சில்லுக்குப் பின்னால் இராகுலன் சுகமாக வருவார். வீட்டுக்கு வந்து, இன்றைக்குத் தன் கால் நல்ல இலேசாக இருந்தது என்பார்.

ஆவணியில் மட்டக்களப்பு ஓட்டம். திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாக ஒரே நாளில் ஓடி, வாவிக்கரைப் பந்தலில் இறங்க வேண்டும். ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு முன்வண்டிக்காரர். அந்தக் கழகத்தின் கொடியை முதுகில் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் முதலாவதாக நுழைகிறவர் அவர்தான். கொடி தனக்கென்று இராகுலன் மனதில் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். கழகத்தார் அவர் வீட்டு விறாந்தையில் கதிரைகளைப் போட்டு இருந்து, அவர் வாங்கிக் கொடுத்த றோல்ஸைத் தின்றுகொண்டே, ஒரே குரலில் பூரணியின் பெயரைச் சொன்னார்கள். இராகுலன்தான் முதலாவதாகக் கை தட்டினார். அவள் குசினிக்குள் நின்று வெட்கத்தோடு சிரித்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, அவளுக்கென்று ஊர் கை தட்டிய முதல் நாள் அது.

அந்தச் சந்தோசம் அவருக்குப் பொறுக்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது? அவளை அவர் வெறுக்கவில்லை. அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் அவர் சாப்பிடமாட்டார். ஆனால் அவளுடைய முதுகில் கொடி பறக்க, அதற்குப் பின்னால் தான் பந்தலுக்குள் நுழைகிற காட்சி மட்டும் அவருக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது.

சனிக்கிழமை பின்னேரங்களில் இரண்டு சைக்கிளையும் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுவது அவருடைய வேலை. ஏறி இருக்கிற சீற்றைத் தாங்குகிற கம்பியில், அது சட்டத்துக்குள் இறங்குகிற இடத்தில், பூரணி நீல நிற வயர் டேப்பை மெல்லிய கீலமாக நறுக்கி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாள். உயரம் மாறாமலிருக்க ஓட்டக்காரர்கள் வைக்கிற அடையாளம் அது. அந்தச் சனிக்கிழமை இராகுலன் ஆணியை இளக்கிக் கம்பியை ஒரு நெல்மணித் தடிப்புக்கு உள்ளே இறக்கினார். டேப்பைக் கழற்றி, புதிய இடத்தில், பழையபடியே சுற்றினார். அடுத்த சனியும் அப்படியே. அதற்கடுத்த சனியும்.

சீற் பதிந்தால் கால் முழுதாக நீளாது. மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் முழங்கால் சிரட்டையில் போய் இடிக்கும். ஓட்டம் பழகியவனுக்கு இது அரிவரிப் பாடம், இராகுலனே புதியவர்களுக்கு எத்தனையோ தரம் படிப்பித்த பாடம். ஒரே நாளில் இறக்கியிருந்தால் பூரணி ஏறின உடனேயே கண்டுபிடித்திருப்பாள். கிழமைக்குக் கொஞ்சமாக இறக்க, அவளுடைய உடம்பு அதற்குப் பழகிக்கொண்டு நொந்தது.

முதலில் படி ஏறும்போது நொந்தது. பிறகு வகுப்பில் நிற்கையில் நொந்தது. இராகுலன் மூலிகை எண்ணெய் வாங்கிவந்து, சுடவைத்து, அவளுடைய காலைத் தன் மடியில் தூக்கிவைத்துத் தேய்த்தார். அப்படி அன்பாக அவர் கலியாணம் செய்த புதிதில்கூட இருந்ததில்லை. ஓட்டத்தைக் கொஞ்ச நாள் விட்டுப்பார்க்கவோ என்று அவள் கேட்டாள்.

"விடக்கூடாது," என்றார். "நோவோட ஓடினாத்தான் முழங்கால் பழகும்."

ஒருநாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. சீற் ஏதும் இறங்கிவிட்டதோ என்று பார்க்கச் சொன்னாள். அவர் சைக்கிளை வெளிச்சத்துக்கு உருட்டிவந்து, குந்தியிருந்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

"நீர் வச்ச அடையாளத்திலதானே நிக்குது. பாரும்."

அவள் பார்த்தாள். டேப் இருந்த இடத்தில்தான் இருந்தது. புருஷன் சொல்கிறான், டேப்பும் சொல்கிறது, முழங்கால் மட்டும் வேறு கதை சொன்னால் யார் நம்புவார்? அவள் தன் வயதைத் திட்டிக்கொண்டு எழும்பி ஓடினாள்.

ஆடி முடிய முன்னமே அவளுக்கு மாடிப்படி ஏலாமல் போயிற்று. சிரட்டைக்குக் கீழே தேய்ந்துவிட்டது, இனி நடக்கலாம், ஆனால் நெடுந்தூர ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டொக்டர் சொன்னார். பூரணி ஆசுபத்திரி வாசலில், சனம் பார்க்கப் பார்க்க அழுதாள். இராகுலனுக்கும் கண் கலங்கியது, அதில் பொய் இல்லை. இவ்வளவுக்குப் போகும் என்று அவர் நினைக்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னம் நோக வேண்டும், ஓட்டம் முடிய மாற வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. அடுத்தவர் முழங்காலில் கணக்குப் பார்க்கிறவன் எப்போதும் தனக்கு வசதியான விடையைத்தான் எடுப்பான்.

ஆனால் கொடி தலைவரிடம் வரவில்லை. கிண்ணியாவிலிருந்து வருகிற ரிஸ்லா என்ற இளம் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவளுடைய சைக்கிள் பாரமான சாமான். பூரணி தன்னுடையதையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள், இரண்டு பேரும் ஒரே உயரம். ரிஸ்லா வந்து சைக்கிளைக் கொண்டுபோன பின்னேரம் இராகுலன் கந்தோரில் வேலையில் இருந்தார். அவர் வீட்டுக்கு வந்தபோது பூரணி வழக்கம்போலத் தேத்தண்ணி வைத்தாள், வழக்கம்போலச் சீனி போட்டாள். தானும் ஓட்டத்துக்கு வருவதாக மட்டும் சொன்னாள். ஒலிபெருக்கி கட்டிய துணை வான் வண்டியில் ஏறி, வழியில் வருகிற வாகனங்களை ஒதுங்கச் சொல்லுகிற வேலை. கழகத்தார் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற அபூதாஹிர்தான் வான் ஓட்டுகிறார்.

ஓட்ட நாளில் இராகுலன் வழக்கப்படி நல்ல சில்லாகப் பார்த்து ரிஸ்லாவின் பின்னால் ஒட்டிக்கொண்டார். கிண்ணியாப் பாலம் வரைக்கும் எல்லாம் சுகம். பாலத்தில் வெயில் விழுந்தபோதுதான் அவருடைய கண் முன்னால் போன சீற்றுக் கம்பியில் பட்டது. ரிஸ்லா சீற்றைத் தன் காலுக்கு அளவாக உயர்த்தியிருந்தாள். சட்டத்துக்குள் ஒளிந்து கிடந்த கம்பி வெளியே வந்திருந்தது. அதில், டேப் ஒவ்வொருதரமும் ஒட்டியிருந்த இடத்தில், பசையில் ஊத்தை பிடித்துக் கறுத்த வளையங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, சனிக்கிழமைக்கு ஒன்றாக, ஏணிப்படி போல நின்றன. டேப்பைக் கழற்றிய கெட்டிக்காரர் பசையை மறந்துவிட்டார்.

மூதூர் தாண்டியும் அவருடைய கண் அதை விடவில்லை. பார்க்காமலிருக்க வேண்டுமென்றால் ரிஸ்லாவின் சில்லை விட்டு விலக வேண்டும், விலகினால் காற்று. அவர் வளையங்களைப் பார்த்துக்கொண்டே ஓடினார். ரிஸ்லாவுக்கு என்ன தெரியும், ஊத்தை என்று நினைத்திருப்பாள் என்று தன்னைத் தேற்றினார். பூரணி அந்தச் சைக்கிளைப் பிறகு பார்த்தே இருக்கமாட்டாள் என்றும் தேற்றினார்.

வெருகலில் எல்லாரும் இறங்கித் தேத்தண்ணி குடித்தார்கள். இராகுலன் கால் கழுவிவிட்டு வந்து தன் சைக்கிளை எடுத்தார். அதன் சீற்றுக் கம்பியில், சட்டத்தோடு ஒட்டி, புத்தம் புதிய நீல டேப் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மெல்லிய கீலமாக, ஒழுங்காக நறுக்கியது.

அவர் தன் கம்பிக்கு ஒருநாளும் அடையாளம் வைத்ததில்லை. வைக்காதவனுக்கு எது பழைய இடம் என்று எப்படித் தெரியும்? சீற்றைக் கையால் அமத்திப் பார்த்தார். ஏறி இருந்து பார்த்தார். இறங்கியிருந்தது போலவும் இருந்தது, சரியாக இருந்தது போலவும் இருந்தது. டேப் இப்போதுதான் சுற்றியதா, காலையிலிருந்தே இருந்ததா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. வான் பக்கம் திரும்பினார். பூரணி முன்சீற்றில் இருந்து, அபூதாஹிருக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வரிசை வெளிக்கிட்டதும் ஒலிபெருக்கி கரகரத்தது. பூரணியின் குரல், வகுப்பில் பெயர் கூப்பிடுகிற அதே குரல்.

"எங்கட தலைவர் இப்ப முன்னுக்கு வாறார். இனி மட்டக்களப்பு போய்ச் சேருமட்டும் அவர்தான் காத்துப் பிடிப்பார். எல்லாரும் அவருக்குப் பின்னால நில்லுங்கோ."

ரிஸ்லா அந்தக் கணமே முழங்கையை ஆட்டிவிட்டு விலகினாள். தெருவோரம் நின்ற சனம் கை தட்டியது. மற்றக் கழகத்து ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் தண்ணீர் விடாய்க்கிறது என்று எப்படிச் சொல்வது? இராகுலன் முன்னுக்குப் போனார்.

கச்சான் காற்று அவரை முதன்முதலாகக் கண்டது. கண்டதும் விடவில்லை. கதிரவெளி வருமுன் வாய் காய்ந்தது. வாகரையில் தொடை நடுங்கியது. பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டவில்லை, தலைவருக்கு மரியாதை கொடுத்து, அவர் ஊர்ந்தால் தாங்களும் ஊர்ந்தார்கள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. வலது முழங்காலில் ஒரு நோவு தொடங்கியது. சிரட்டைக்குச் சரியாகக் கீழே, பூரணி விரல் வைத்துக் காட்டிய அதே இடம். டேப்பைக் கண்ட பிறகுதான் அது தொடங்கியதா, முதலே இருந்ததா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் சீற் இன்னும் ஒரு நூல் இறங்குவதாகவே பட்டது.

பனிச்சங்கேணிப் பாலத்தில் இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர், காற்றை மறிக்க ஒரு மரமில்லை. சைக்கிள் தள்ளாடியது. வான் பக்கத்தில் வந்து, அவருடைய வேகத்துக்கே ஊர்ந்தது. யன்னல் திறந்திருந்தது. ஏறுங்கோ தம்பி, ஏலாட்டி விடுங்கோ என்றார் அபூதாஹிர், உண்மையான இரக்கத்தோடு.

"அவர் ஏறமாட்டார், நானா," என்றாள் பூரணி. "தலைவரெல்லோ."

இராகுலன் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். எண்ணெய் தேய்க்கும்போது அவர் தன் முகத்தில் வைத்திருந்த அதே அக்கறைதான் அதில் இருந்தது. அவருக்குள் ஏதோ அறுந்துபோனது. அவள் ஒலிவாங்கியைத் தன் வாயிலிருந்து எடுத்து, யன்னலுக்கு வெளியே, அவருடைய வாய்க்கு நேராக நீட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"பூரணி, நீர் என்ர சீற்றை இறக்கினனீரோ? சொல்லும். நான் உமக்குச் செய்ததை நீர் எனக்குச் செய்தனீரோ?"

அவருடைய குரல் வானின் தலையிலிருந்து பெரிதாக வெளியே வந்து பாலம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. பின்னால் மிதிக்கிற சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு ரிஸ்லா கொடி படபடக்க அவரைத் தாண்டிப் போனாள், முகம் திருப்பவில்லை. அவள் பின்னால் ஒருவர், பிறகு இன்னொருவர். கழகம் முழுவதும் தாண்டிப் போயிற்று. அவருக்குப் பின்னால் ஒட்டுவதற்கு இனிச் சில்லில்லை.

பூரணி ஒலிவாங்கியை உள்ளே எடுத்து, நிறுத்தி, மடியில் வைத்தாள்.

"சீற் அடையாளம் வச்ச இடத்திலதான் நிக்குது," என்றாள். "மெல்ல மிதியுங்கோ. நோவோட ஓடினாத்தான் முழங்கால் பழகும்."

அவள் யன்னலைச் சாத்தினாள். அபூதாஹிர் வானைப் பின்னுக்கு எடுத்து, அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே ஓட்டினார். மட்டக்களப்பு இன்னும் வெகு தூரம் இருந்தது.