சத்யராஜின் டிரம்பெட்டைக் கேட்டவர்களின் அபிப்பிராயங்கள்

பிள்ளையார்பாளையத்தில் சத்யராஜின் டிரம்பெட் பதிவுகளைக் கேட்டவர்கள் சராசரியாக நான்கு விரற்கடை தரையை விட்டு எழும்பினார்கள். மிகவும் ரசித்தவர்கள் பரண் வரை போனார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், யாருக்கும் அடிபடவில்லை. பதிவுகள் மொத்தம் மூன்று: மாதா கோயில் திருவிழாவில் ஒன்று, ஒரு கடைத் திறப்பு விழாவில் ஒன்று, ஒரு கல்யாண வரவேற்பில் ஒன்று. மூன்றையும் செல்போனில் பிடித்து இணையத்தில் ஏற்றியவர் திருப்பருத்திக்குன்றத்து நெல் வியாபாரி ஜினகுமார். கப்பலில் ஏழு வருஷம் வாத்தியக் குழுவில் இருந்து ஜாஸ் கற்றுக்கொண்டு வந்த சத்யராஜை ஊரில் முதலில் புரிந்துகொண்டது தான்தான் என்று ஜினகுமார் சொல்லிக்கொள்வார். கல்யாணப் பதிவில் பாதி நேரம் "சாம்பார் இந்தப் பக்கம்" என்ற குரல் கேட்கும். அதையும் அவர் வெட்டவில்லை.

கேட்டவர்கள் இப்படி எழும்பியதால் ஊரில் அபிப்பிராயத்தை ஒளிக்க முடியாமல் போயிற்று. வீணை டீச்சர் ஏலவார்குழலி, "சுருதியே நிக்கலமா, ஒரே இரைச்சல்" என்று சொன்னபோது அவர் தலை உத்தரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் மகள் அவசரமாக ஃபேனை நிறுத்தினாள். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கு மிதிகட்டை காலுக்கு எட்டாமல் போனதால், தறி ஓடும் நேரத்தில் அந்தப் பதிவுகளைப் போடக்கூடாது என்று தெருவில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். வெளியூர் ரசிகர்கள் இணையத்தில் நட்சத்திரம் போடுவதற்குப் பதிலாக அளவை எழுதினார்கள். சேலத்துக்காரர் ஒருவர் ஆறு விரற்கடை என்றார். இன்னொருவர் இரண்டுதான், ஆனால் என் எடை தொண்ணூற்றெட்டு என்று விளக்கம் கொடுத்தார்.

கேட்காதவர் ஒரே ஒருவர். சத்யராஜின் அண்ணன் ராஜவேலு. குடும்பத்து பேண்டு செட்டுக்கு அவர்தான் மாஸ்டர், அவரும் டிரம்பெட்தான். பதினோரு வருஷத்துக்கு முன், கப்பலிலிருந்து திரும்பிய புதிதில், சத்யராஜ் ஒரு சாவு ஊர்வலத்தில் அண்ணனோடு வாசிக்கப் போனார். தெருமுனை திரும்பியதும் செட்டின் பாட்டுகளில் இல்லாத எதையோ சொந்தமாக வாசிக்க ஆரம்பித்தார். பாடை தூக்கியவர்கள் உட்பட எல்லோரும் அதன் பின்னாலேயே நடந்து, இடுகாட்டைத் தாண்டி, திருப்புட்குழிக் கோபுரம் தெரிந்த பிறகுதான் நின்றார்கள். செத்தவரின் மகன் குறை சொல்லவில்லை. "அப்பாவுக்கு ஊர் சுத்தறது பிடிக்கும்பா" என்றான். ஆனால் ராஜவேலுவுக்கு அவமானமாகிவிட்டது. அன்றோடு தம்பியைச் செட்டிலிருந்து நீக்கினார். இரண்டு தெரு தள்ளி இருந்தும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போன ஆடியில் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை ஒன்றில் சத்யராஜின் வண்டி சறுக்கியது. முன்பல் இரண்டு போயின, உதட்டில் ஐந்து தையல். அதற்குப் பிறகு உதடு டிரம்பெட்டில் நிற்கவில்லை; ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. டிரம்பெட்டை மனைவி பிரவீனாவின் பழைய புடவையில் சுற்றி வைத்தார். அவள் ஆறுதலுக்காகப் பதிவுகளைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அவற்றைக் கேட்டு ஒருநாளும் அவர் எழும்பியதில்லை. "அது யாரோ வாசிச்சது" என்பார்.

ஜினகுமார் மனம் கேட்காமல், சத்யராஜுக்கு மரியாதையாக ஓர் ஆல்பம் போட முடிவு செய்தார். சென்னையிலிருந்து சாக்ஸபோனுக்கும் பியானோவுக்கும் ஆள் கிடைத்தது. டிரம்பெட் வாசிக்க மட்டும் எவரும் துணியவில்லை. அப்போதுதான் ராஜவேலு நெல் மண்டி வாசலில் வந்து நின்றார். "நான் வாசிக்கிறேன். ஆனா நோட்ஸ் எழுதிக் குடுத்துடு. எழுதுனத மட்டுந்தான் வாசிப்பேன்" என்றார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. நான்கு மாதம் பயிற்சி செய்தார்.

ஆல்பம் தையில் வெளிவந்தது. அபிப்பிராயம் ஒருமனதாக இருந்தது: எவரும் எழும்பவில்லை. ஏலவார்குழலி சுருதி சுத்தமென்று தரையில் நின்று பாராட்டினார். நெசவாளர்கள் வேலை நேரத்திலேயே நிம்மதியாகப் போட்டுக் கேட்டார்கள். ஜினகுமார் சந்தேகத்துக்கு ஒருமுறை குதித்துப் பார்த்தார். திருச்சியிலிருந்து ஒரு ரசிகர் தன் நாற்காலி ஒரு விரற்கடை அமுங்கியதாக எழுதினார். ராஜவேலு எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்பீக்கரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தார்.

"வாங்க மாமா" என்று பிரவீனா நாற்காலியை இழுத்துப் போட்டாள். சத்யராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே நல்லால்லன்னு சொல்லுது. நீ இன்னாடா சொல்ற?" என்று கேட்டுவிட்டு ராஜவேலு பாட்டைப் போட்டார்.

ஐந்து பாட்டுகள் ஒழுங்காக ஓடி முடிந்தன. சத்யராஜின் பாதம் தரையிலேயே இருந்தது. ஆறாவதில் சாக்ஸபோன் இல்லை, பியானோ இல்லை. பதிவு முடிந்த நாளில், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ராஜவேலு தனியாக வாசித்தது. சத்யராஜ் திரும்பினார்.

"இது அன்னிக்கு சாவுல நான் வாசிச்சதாச்சே. யாரும் எழுதி வெக்கலியே. உனுக்கு எப்பிடிண்ணா தெரியும்?"

"திருப்புட்குழி வரைக்கும் உன் பின்னாலதானடா வந்தேன்."

"திரும்புடான்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"குடுக்கணும்னுதான் வந்தேன்" என்றார் ராஜவேலு. "கேட்டுக்கினே வந்துட்டேன்."

சத்யராஜ் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அழுதபடியே எழும்பினார். பரணைத் தொட்டபோது பாட்டு முடிந்தது, அவர் இறங்கவில்லை. பிரவீனா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முக்காலி போட்டு ஏறி அவருக்கு டீ கொடுத்தாள்.

பங்குனியிலிருந்து ராஜவேலுவின் பேண்டு செட்டில் சத்யராஜும் வருகிறார். ஆறடி உயரத்தில் மிதந்து கையசைத்துத் தாளம் காட்டுவது அவர் வேலை. பின்வரிசை டிரம்காரர்களுக்கும் நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள். மின்கம்பி தாழ்ந்து தொங்கும் தெரு வந்தால் ராஜவேலு வலது கையால் டிரம்பெட்டை வாசித்தபடியே இடது கையால் தம்பியின் காலைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொள்கிறார். கம்பி கடந்ததும் விட்டுவிடுகிறார்.