கொழுந்து வண்டிக்குக் கியர் விழுந்த கதை

நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளின் ‘புதுத்தளிர்’ சங்கத்துக்குச் சொந்தமான டீசல் பிக்கப் வண்டி ஏற்றத்தில் திணறியது. திணறலின் காரணத்தை அறியச் சாதாரண மனிதர்களுக்கு அறிவியல் தேவைப்படலாம். சங்கத் தலைவர் சுரேந்திரனுக்குத் தேவைப்படவில்லை. அவர் வண்டியின் மூடியைத் திறக்கவில்லை. அடியில் குனிந்து பார்க்கவில்லை. ஓட்டுநர் இருக்கையை ஒருமுறை நோக்கினார். அங்கே ஜூடித் உட்கார்ந்திருந்தாள். நோய் புரிந்துவிட்டது!

ஜூடித் ஊட்டியின் காந்தலில் குடியிருப்பவள். முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவள், சரக்கு வண்டி ஓட்டும் உரிமம் பெற்று, தான் சுமந்த அதே கொழுந்தைச் சக்கரத்தின்மேல் ஏற்றிச் செல்பவளாக உயர்ந்திருந்தாள். இந்த இருக்கை பறிபோனால் அவளுக்கு மிஞ்சுவது மறுபடியும் அந்தக் கூடைதான். கூடையில் இழிவில்லை, அதிலிருந்து எழுந்தவளை மீண்டும் அதற்குள் அழுத்துவதில்தான் இழிவு.

வண்டி ஆட்டோமேடிக். கிளட்ச் மிதி கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். மூட்டை ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும், இரண்டாம் கியரை விட்டுவிட்டு, மூன்றாம் கியரையும் பிடிக்காமல், தேர்தலுக்கு முந்தைய வாரத்துக் கட்சிக்காரரைப் போல நடுவே நின்று யோசிக்கும். இன்ஜின் அலறும், சக்கரம் சோரும், பின்னால் வரும் பேருந்து வசைபாடும்.

சங்கக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார்.

“ஏனுங்க, வண்டி ஓட்டறதுக்குக் கை ராசி வேணுமுங்க. பொம்பளை கை பட்டா இரும்புகூடச் சிணுங்கும். நம்ம கமலேசு சின்ன வயசுலயிருந்து ஜீப்பு ஓட்டறவன். சாவிய அவங்கிட்டக் குடுங்க, அப்புறம் பாருங்க.”

கமலேஷ் தலைவருடைய தங்கை மகன். அதுவே தகுதி. அதற்கு மேலும் தகுதி கேட்பவன் சங்கத் துரோகி.

ஜூடித் எழுந்தாள். “கெட்டுக்கெடக்கறது கை இல்லீங்க, கியர் பெட்டி. கியர் கெட்டியா விழறதுக்குன்னே ஷிப்ட் கிட்டுனு ஒண்ணு வருதுங்க. அதப் போட்டு, முழு லோடு ஏத்தி, பாக்டரி மேட்டுல ஏத்திக் காட்டறேன். ஏறலைன்னா சாவிய நானே உங்க கையில குடுத்துடறேன்.”

தலைவர் மகிழ்ந்தார். இரும்புக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்ட பெண் தோற்றுத்தான் திரும்புவாள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. “எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது!” என்று அவையைச் சாட்சி வைத்தார்.

காந்தலில் ஹபீப் முகமதுவின் பட்டறைக்கு வண்டி போயிற்று. ஜூடித் நேராகவே கேட்டாள்.

“பாய், இந்த மாதிரிப் பெட்டியப் பிரிச்சிருக்கீங்களா?”

“என்னம்மா இப்பிடிக் கேட்டுட்ட? மூணு பிரிச்சிருக்கேன்.”

“திருப்பிப் பூட்டுனது?”

“ரெண்டு.”

அறியாததையும் அறிந்ததாகக் கூறி மாலை வாங்குவோர் மலிந்த நாட்டில், இந்தப் பதில் அவளுக்கு நம்பிக்கை தந்தது. மூன்றாவது வண்டியின் கதியை மட்டும் அவள் கேட்கவில்லை.

பாய் அடித்தட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தார்; கருத்துப்போயிருந்தது. உள்ளேயிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பள்ளம் வெட்டிய ஓர் உலோகக் கட்டையை இறக்கி, மேசைமேல் துணி விரித்து வைத்தார். ஜூடித் விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள எண்ணெய்தாம்மா கை. இந்தக் கட்டைக்கு நடுவுல இருக்குற தட்டுத் துளை வழியாப் போய்த்தான் கியரப் புடிக்குது. உக்காந்திருக்கறவனுக்குக் குலுங்கக் கூடாதுன்னு துளையக் கம்பெனிக்காரன் சின்னதா வச்சிருக்கான். டவுன்ல சொகுசு. நம்ம மேட்டுல லோடு ஏத்துனா, கை எட்டறதுக்குள்ள வண்டி தூங்கிருது.”

துளை பெரிதான புதிய தட்டு ஏறியது. விறைப்பான ஸ்பிரிங்குகள் ஏறின. உருண்டோடத் துடித்த எஃகுக் குண்டுகள் வாஸ்லின் களிம்பு பூசி அவற்றின் குழிகளில் ஒட்டவைக்கப்பட்டன. “இனி கியர் மாறறப்ப ‘தட்’டுனு ஒரு குலுக்கல் இருக்கும். பயந்துராத. அது நோயில்ல, கொணம்” என்றார் பாய்.

புது எண்ணெய் ஊற்றும் வேளையில் தலைவர் எழுந்தருளினார். கையில் நாள்காட்டித் தாள்.

“பாய், நிறுத்துங்க! வண்டி மேக்கால பாத்து நிக்குது. கெழக்கப் பாத்துத் திருப்பி நிறுத்திட்டு ஊத்துங்க.”

“கெழக்கே மேடுங்க. மூக்கத் தூக்கிக்கிட்டு நின்னா எண்ணெய் அளவு தப்பிரும். மட்டமா நிக்கணும். இந்த மலையில மட்டமான எடம்னு என்கிட்ட இருக்கறதே இந்தச் சிமெண்டுத் தரை ஒண்ணுதான்.”

“மட்டம் முக்கியமா, நல்ல நேரம் முக்கியமா?”

எண்ணெய்க்குத் திசை தெரியாது, மட்டம்தான் தெரியும். இதைத் தலைவருக்கு விளக்கப் புகுந்தால் நல்ல நேரம் மட்டுமல்ல, அன்றைய நாளே முடிந்துவிடும். ஜூடித் பணிவாகச் சொன்னாள்: “தலைவருங்க, சங்கத்துக்கு மூக்கே நீங்கதானுங்களே? நீங்க கெழக்கப் பாத்து நின்னுக்குங்க. வண்டி எதையோ பாத்துட்டுப் போகுது.”

தலைவர் சிந்தித்தார். பெருமையும் கிடைக்கிறது, சாத்திரமும் பிழைக்கிறது. எண்ணெய் நிறையும்வரை கிழக்கு நோக்கிக் கைகூப்பி நின்றார். எதிரே இருந்தது பஞ்சர் கடையின் பின்சுவர். அதையும் பயபக்தியோடுதான் பார்த்தார்.

மறுநாள் காலை, கொழுந்து மூட்டைகள் வண்டி நிறைய ஏறின. சங்கம் முழுவதும் மேட்டின் உச்சியில் திரண்டிருந்தது. ஜூடித் வண்டியை எடுத்தாள். மேடு தொடங்கியது. இன்ஜின் உறுமியது. வழக்கமாக வண்டி யோசிக்கும் வளைவு வந்தது. ‘தட்!’ முதுகில் யாரோ உரிமையோடு தட்டிக்கொடுத்தது போல ஒரு குலுக்கல். மூன்றாம் கியர் விழுந்தது. வண்டி திணறவில்லை, அலறவில்லை. ஏறி வந்து, தலைவரின் வேட்டி நுனிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

கைதட்டல் எழுந்தது. தலைவர் கையை உயர்த்தி அதை அடக்கினார்.

“சந்தோசம்! வண்டிக்கு நோய் தீந்துருச்சு. இனிமே யாரு ஓட்டுனாலும் ஏறுமில்லீங்க? அப்புறம் எதுக்குப் பொம்பளப் புள்ளைக்கு இந்தச் செரமம்? கமலேசு, சாவிய வாங்கிக்கடா.”

வண்டி கெட்டிருந்தபோது அது பெண்ணின் குற்றம். நன்றானபோது அது ஆணின் உரிமை! என்னே நீதி! மனு நீதி மலையேறி வந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

“ஏறலைன்னாத்தானுங்க சாவி தர்றேன்னேன். ஏறிருச்சே!” என்றாள் ஜூடித்.

“அது அப்ப. இது தலைவர் முடிவு. நீ பின்னாடி ஏறிக்க, மூட்டையப் புடிச்சுக்க” என்றார் சுரேந்திரன்.

கூட்டம் முணுமுணுத்தது, முணுமுணுப்போடு நின்றது. ஜூடித் கொழுந்து மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். இறங்கிப் போக மனம் வரவில்லை. பாக்டரிக்கு இன்னும் ஒரு மேடு பாக்கி இருந்தது.

கமலேஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தான். அருகே தலைவர், பெல்ட் அணியாத பெருமிதத்தோடு. வண்டி புறப்பட்டது. கியர் விழுந்தது, ‘தட்!’

வாழ்நாளெல்லாம் கிளட்ச் மிதித்து ஜீப் ஓட்டிய கால் அது. கியர் மாறும் அசைவை உணர்ந்ததும் கமலேஷின் இடது கால், எவரையும் கேளாமல், இல்லாத கிளட்சை ஓங்கி மிதித்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. வண்டி ஆணியடித்தது போல் நின்றது. தலைவரின் நெற்றி முன்பலகைக்கு வணக்கம் சொன்னது.

“என்னடா பண்ற?”

“தெரியலீங்க மாமா, கால் தானாப் போகுது.”

மறுபடி புறப்பட்டான். ‘தட்!’ மறுபடி மிதித்தான். மறுபடி வணக்கம். பழைய சோம்பல் வண்டியாக இருந்திருந்தால் கியர் மாறுவதே தெரியாமல் பையன் பிழைத்திருப்பான்; கியர் கெட்டியாக விழுந்ததால் கால் கெட்டது.

“அந்தக் காலத் தூக்கி மடிச்சு வச்சுக்கடா!” என்று தலைவர் கத்தினார். கமலேஷ் பந்திக்கு உட்கார்ந்தவன் போல ஒரு காலை மடித்துக்கொண்டு ஓட்டினான். அடுத்த ‘தட்’டில் மடித்த கால் வில்லிலிருந்து விடுபட்டது போல் பாய்ந்தது. இரண்டு மூட்டைகள் உருண்டு சாலையில் விழுந்தன. பின்னால் பேருந்து ஒன்று வந்து நின்று ஹாரனைத் தொடங்கியது.

கமலேஷ் கதவைத் திறந்து இறங்கினான். “மாமா, எனக்கு இந்த வண்டி வேண்டாமுங்க. என்ன விட்டுருங்க.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூட்டைக்குள் அடைந்த கொழுந்து சூடேறினால் சிவந்துபோகும். சிவந்ததைப் பாக்டரி திருப்பி அனுப்பும். தலைவர் நெற்றியைத் தடவிக்கொண்டு பின்னால் வந்தார்.

“ஏம்மா ஜூடித்து, பாக்டரி வரைக்கும் கொஞ்சம் ஓட்டிரு.”

“பாக்டரி வரைக்குமுங்களா, நாளைக்குமுங்களா?”

“அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

“இங்கயே பேசிருவோமுங்க. கொழுந்துக்குத்தான் அவசரம். எனக்கில்லை.”

மேட்டுத் தோட்டத்திலிருந்து சங்கத்து விவசாயி ரேகா ஓடி வந்தாள். மூட்டைகளில் பாதி அவளுடையது. “தலைவரே, சட்டுனு பேசி முடிங்க! என் கொழுந்து வேகுது. நெத்தி வீங்குனதோட நிக்காம வேற எதுவும் வீங்கறதுக்குள்ள சொல்லிருங்க!”

பேருந்துப் பயணிகள் சன்னலில் தலை நீட்டிச் சிரித்தார்கள்.

“சரி சரி, நீயே ஓட்டு” என்றார் தலைவர், மீசைக்குள்ளேயே.

“எப்பவுமுங்களா?”

“எப்பவுந்தான்!”

“பஸ்ஸுல கடைசி சீட்டுக்காரருக்குக் கேக்கலியாமுங்க.”

“எப்பவும் நீதாம்மா ஓட்டற! வண்டிய எடு!”

ஜூடித் மூட்டையிலிருந்து இறங்கி இருக்கையில் அமர்ந்தாள். விழுந்த மூட்டைகளைக் கமலேஷ் தூக்கி ஏற்றினான். முகத்தில் பெரும் விடுதலை தெரிந்தது. வண்டி கிளம்பி மேட்டில் ஏறியது. பாக்டரியில் கொழுந்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தவர், பச்சை மாறவில்லை என்று தலையசைத்தார்.

அன்று மாலை சங்கக் கூட்டத்தில், பெண்களைக் கைதூக்கி விடுவதே தம் வாழ்நாள் தொண்டு என்பதைத் தலைவர் நெற்றிக் கட்டோடு நெடுநேரம் விளக்கினார். பெண்ணுரிமை காத்த பெருந்தகை என்று அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். நன்றி கூற வேண்டிய ஜூடித்தை மேடையில் தேடினார்கள். அவள் வரவில்லை, மாலைக் கொழுந்தோடு மேடேறிக்கொண்டிருந்தாள்.