நரம்பு விட்ட பைப்பு

அந்த அறையில் நஸ்ரியா ஏற்கெனவே குடியேறிவிட்டாள். அதற்குச் சுவரில்லை, கூரையில்லை. கட்டிக்கொண்டிருக்கும் அடுப்படியின் பின்சுவருக்கு அப்பால் வெறும் மணல். மணலுக்கு அப்பால் உப்பளம். ஆனாலும் ஓவன் எந்த மூலையில் நிற்கும், கேக் ஆறும்போது காற்று எந்தப் பக்கமாக வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சில காலைகளில் செங்கல்லுக்குள்ளிருந்து வெண்ணெய் வாசனைகூட வந்தது.

இன்று அந்தச் சுவரைப் பூசப்போகிறார்கள். வெளியே கொத்தனார் கொளஞ்சி கலவை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே எலக்ட்ரீஷியன் பிரபு மிக்சிக்கு, கிரைண்டருக்கு, பிரிட்ஜுக்கு என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, சுவரில் காடி வெட்டிப் பைப்பு பதித்து முடித்திருந்தான்.

“பிரபு, இன்னும் ஒண்ணு. இந்தச் சுவத்தைத் தாண்டி வெளிய போற மாதிரி ஒரு பைப்பு.”

“வெளிய என்னக்கா இருக்குது? நண்டுக்கு லைட் போடப் போறீங்களா?”

“ரூம் வரும். ஓவன் வைக்கணும்.”

“எப்போ?”

“வரும்.”

பிரபு சுவரைத் தட்டிப் பார்த்தான். “சரி, ஒயர் இல்லாம ஒரு டம்மி பைப்பு விட்டுடறேன். மெயின் போர்டுலயும் ரெண்டு எடம் காலியா கெடக்கட்டும். ஓவனுக்குத் தனி லைன் வேணும்ல. இப்பவே விட்டா அப்புறம் பூச்சை ஒடைக்க வேணாம்.”

டம்மி என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டிரில் சுவரைத் துளைத்து வெளியேறியதும், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அதன் வழியே கடற்காற்று வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது.

அப்போதுதான் ஷார்ஜாவிலிருந்து முனீர் வீடியோவில் அழைத்தான். பின்பக்கம் எதுவும் கட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்த கணவன்.

“அது என்ன ஓட்டை?”

பிரபு முந்திக்கொண்டான். “டம்மிண்ணே. சும்மா.”

“சும்மான்னா சரி.”

காப்பாற்றிவிட்டேன் என்பதுபோலப் பிரபு அவளைப் பார்த்தான். பேசாமல் இருந்தால் போதும், பைப்பு தங்கிவிடும். ஆனால் இனி அந்த அறையில் அவள் ஒளிந்துதான் வாழ வேண்டியிருக்கும்.

“சும்மா இல்லீங்க,” என்றாள் நஸ்ரியா. “அந்தப் பக்கம் ரூம் வரும். நான் கேக் போட்டு விக்கணும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

பிரபு கருவிப் பையில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தான். திரையில் முனீருக்குப் பின்னால் இரும்புக் கட்டில்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. யாருடைய லுங்கியோ காய்ந்துகொண்டிருந்தது.

“போனை அந்த ஓட்டையில வை,” என்றான் முனீர்.

அவள் பின் கேமராவுக்கு மாற்றிப் போனைத் துளையில் வைத்தாள். உப்பளத்தின் வெள்ளைக் குவியல்கள் திரையில் வட்டமாகத் தெரிந்தன.

“அதுக்குள்ள உப்பு குமிச்சிட்டாங்களா?”

“போன வாரமே.”

“எங்க ரூம்ல ஜன்னலே இல்ல நஸ்ரி. அந்த ரூம்ல பெரிய ஜன்னலா வை. உப்பளம் பக்கமா. மெதுவா கட்டிக்கலாம்.”

பைப்பைச் செருகிய பிரபு, பின்னாளில் ஒயரைக் கட்டி இழுப்பதற்காக உள்ளே ஒரு கட்டுக்கம்பியை விடப் போனான். நஸ்ரியா தடுத்தாள்.

“இந்த உப்புக் காத்துல அது ரெண்டு வருஷம் தாங்காது. தூளாயிடும்.”

கலவையோடு உள்ளே வந்த கொளஞ்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சுருணையை எடுத்து நீட்டினார். தூண்டில் நரம்பு. “இத விடு. இது உக்காது. மீனு மாட்டிச்சின்னா எனக்கு.”

இரு பக்கமும் நுனி நீள, நரம்பு பைப்புக்குள் போனது. பூச்சு ஏறத் தொடங்கியது. சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நஸ்ரியா வெளியே போய், ஓவன் நிற்கப்போகும் இடத்தில் மணலில் நின்றாள். நரம்பின் நுனியை விரலில் சுற்றி மெல்ல ஒருமுறை இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ இரண்டு முறை பதிலுக்கு இழுத்தார்கள்.