கப்பல்காரர் பார்த்த தீவு

தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பேர். கப்பலை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகியும் அந்தப் பேர் அவரை விடவில்லை, அவரும் அதை விடுவதாக இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் கடல் என்று யாராவது வாயெடுத்தால் போதும், ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று தொடங்கிய பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு தீவில் வந்து நின்றது. ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல்கள் வரிசை கட்டி நின்ற துறைமுகம், பழைய கலங்கரை விளக்கம், மாலுமிகளின் கல்லறைத் தோட்டம், கப்பல் கட்டிய கொட்டகையில் இப்போது ஓர் அருங்காட்சியகம். மகள் சின்னவளாக இருந்தபோது அப்பா லீவில் வந்து சொன்ன கதைகளில் பாதி இந்தத் தீவில்தான் நடந்தன.

கேட்க வேண்டுமா? கப்பல்காரர் சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கினார். தண்ணீர் டம்ளரைத் துறைமுகமாகவும் உப்பு டப்பாவைக் கலங்கரை விளக்கமாகவும் வைத்து வழி சொல்ல ஆரம்பித்தார். படகை விட்டு இறங்கியதும் நேரே மேடாம். ஏறினால் கலங்கரை விளக்கமாம். அங்கிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் காலடியில் தெரியுமாம். மருமகன் மரியாதை தெரிந்தவர். கைப்பேசியில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கலங்கரை விளக்கம் தீவின் மறுகோடியில் அல்லவா காட்டுகிறது, பஸ் பிடிக்க வேண்டும் போலிருக்கிறதே மாமா என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் காலத்தில் வேறு வழி இருந்தது என்று கப்பல்காரர் வாய் கூசாமல் சமாளித்தார்.

மூன்று நாள் பயணம். வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும், ஏனென்றால் உள்ளறையில் கப்பல்காரரின் அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வெளியாள் தொட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் கப்பல்காரரின் மனைவிதான். அவர் கடலில் இருந்த காலத்திலிருந்தே அப்படி. கூடப் பிறந்த தம்பிக்கோ அந்த அறை வாசலைத் தாண்டினால் தலை சுற்றும், அத்தனை மென்மையான உடம்பு. ஆகவே வீட்டில் இருக்கப்போவது யார் என்று அவர் யோசிக்கக்கூட இல்லை.

மகள் யோசித்திருந்தாள்.

"அப்பா, நீங்கதான் அந்த ஊர எத்தனையோ தடவ பாத்துட்டீங்களே. இந்தத் தடவ அம்மா வரட்டும். அத்தைய நீங்க பாத்துக்கோங்க."

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எங்கே கூப்பிட்டாலும் எனக்கெதுக்கு என்று முந்திக்கொள்கிறவள், இன்று அதைச் சொல்லவில்லை.

"அங்க குளிருமா?" என்று மகளைக் கேட்டாள்.

அந்தத் தீவைப் பார்க்க வேண்டும் என்று கப்பல்காரர் ஏங்கியது மட்டும் பொய்யே இல்லை. இப்போது விட்டால் இனி எந்த ஜென்மத்தில்? கடைசியில் மேஜையைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னார்.

"நான் அங்க கால் வச்சதே இல்லம்மா."

பெரிய கப்பல் அந்தத் துறைமுகத்துக்குள் போகாது, தூரத்தில் நங்கூரம் போட்டுவிடுவார்கள். அதிகாரிகள் படகில் கரைக்குப் போவார்கள். அவருக்கு எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை. கப்பல் நின்றாலும் கீழே வேலை நிற்காது. எல்லாம் முடிந்து மேலே ஏறி வந்தால் தீவு பின்னால் போயிருக்கும். கரைக்குப் போய்வந்த சமையல்காரன் அளந்ததைக் கேட்டு, அதற்குக் கைகால் வைத்து வீட்டில் இவர் அளந்தார். அவ்வளவுதான்.

"அப்ப அந்த மாலுமி கல்லறையிலேர்ந்து எனக்குக் கொண்டுவந்த கல்லு?" என்றாள் மகள்.

"பஸ் ஸ்டாண்ட்ல பொறுக்கினது."

அந்தக் கல்லை அவள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மேஜையில் சிந்தியிருந்த உப்பை ஒரு விரலால் கூட்ட ஆரம்பித்தாள். மருமகன் கைப்பேசிக்குள் ஒளிந்துகொண்டார்.

மனைவி மட்டும் அசரவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள். "வெயில்ல நின்ன ஆளு கறுத்துல்ல வரணும்? நீங்க ஒவ்வொரு தடவயும் வெளுத்துப்போய் வந்தீங்க. புள்ள ஆசையாக் கேக்குதேன்னு விட்டுட்டேன்."

கப்பல்காரருக்கு உயிர் வந்தது. பாவம், தன் கஷ்டம் இவளுக்காவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்தார். கூடவே ஆசை முந்திக்கொண்டது.

"அப்ப நீயே சொல்லு. சாகறதுக்குள்ள ஒரு தடவயாவது நான் அதப் பாக்க வேணாமா?"

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நீ எதைப் பார்த்திருக்கிறாய் என்று அவர் கேட்பாரோ என்று நின்ற மாதிரி இருந்தது. அவர் கேட்கவில்லை.

"போங்க. மூணு நாள்தானே," என்றாள். "முப்பது வருஷம் இருந்தவளுக்கு மூணு நாள் என்ன."

மகள் ஏதோ சொல்ல வந்தாள். அம்மா கையைக் காட்டி அடக்கினாள். வேண்டாம், நீ போ என்று சொல்ல அதுதான் நேரம், அது கப்பல்காரருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் ஊரையே பேசி மயக்கிய நாக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எழவில்லை. மூன்றாவது டிக்கெட் யார் பேரில் என்று மருமகன் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார். கப்பல்காரர் தன் பேரைச் சொன்னார், வயதையும் சொன்னார்.

மனைவி மேஜையில் இருந்த தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டாள். நாலடி போனவள் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. திரும்பி வந்து எங்கிட்ட எதையும் சொல்லாதீங்க."

தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள். அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் ஆகியிருந்தது.