வாய்மூடி விதி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மனசாட்சிக்கு ஓர் உருவம் உண்டென்றால் அது ஆல்வின் ட்ராஸ்க்தான். அயோவாவில் இதை ஒருவர் சலிக்காமல் சொல்லிவந்தார். அவர் பெயரும் ஆல்வின் ட்ராஸ்க்.

இருபது வருடம் பயிற்சியாளராகக் கத்தித் தொண்டை கிழிந்தபின், எட்டுக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்குத் தலைவராகிவிட்டவர். நாற்காலி சூடாகும் முன்பே ஒரு விதி கொண்டுவந்தார். ஆட்டம் நடக்கையில் கோட்டுக்கு வெளியே இருப்பவர் எவரும் சொல்லாலோ சைகையாலோ வழிகாட்டக் கூடாது; களத்தில் நிற்கும் பையன்தான் யோசிக்க வேண்டும். மீறினால் அணி பதினைந்து கெஜம் பின்னால் போக வேண்டும்.

பயிற்சியாளர்கள் விட்டார்களா? ஒருவர் தொப்பியைத் திருப்பிப் போட்டார். ஒருவர் தண்ணீர் வாளியோடு சேதி அனுப்பினார். இன்னொருவருக்கு வேண்டியபோது மட்டும் இருமல் வந்தது. நடுவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை. போதாக்குறைக்கு, திங்கட்கிழமை கூட்டத்தில் விதியையே தூக்கிவிட வாக்கெடுப்பு.

அதனால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு, ஓட்டுப் போடப்போகும் கல்லூரித் தலைவர்களை எதிர்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, தன் பழைய கல்லூரியின் பெஞ்சில் போய் அமர்ந்தார்.

"மனுஷன் நெனச்சா சும்மா உக்கார முடியும்னு காட்டறேன்."

"பாத்து கோச். சும்மா இருக்கறதுதான் கஷ்டம்," என்றார் டச் ஹெம்மர். இப்போதைய பயிற்சியாளர், ட்ராஸ்க்கிடம் ஆடி வளர்ந்து, அவர் கற்றுக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் தன் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்.

கடைசி நிமிடம்வரை ட்ராஸ்க் கல்லுப்பிள்ளையாராக இருந்தார். நான்கு புள்ளி பின்தங்கல். பந்தைக் கையில் ஏந்தி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஜெயம்; அதற்கு மூன்றே கெஜம். அணியை நடத்தும் பையனோ திரும்பத் திரும்ப வலப்பக்கம் சுவராக நின்ற எதிரணி ஆட்கள்மேலேயே போய் முட்டினான். மிச்சம் ஒரே வாய்ப்பு.

"இடப்பக்கம் காலியாக் கெடக்கு. அவன் மண்டைல என்னதான் இருக்கு?" என்று பல்லுக்குள் முனகினார்.

"யோசிக்கறான் கோச். உங்க விதிப்படி."

பையன் ஒருமுறை பெஞ்சுப் பக்கம் பார்த்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடப்பக்கம் பாய்ந்தான். கோட்டைத் தாண்டிவிட்டான். ஊரே எழுந்து கத்தியது.

கத்தல் அடங்கியபோது, தவறு நடந்ததன் அடையாளமாக நடுவரின் கைக்குட்டை புல்லில் கிடந்தது. நடுவர் லைல் ஓட்டன் பெஞ்சை நோக்கி நடந்து வந்தார்.

"புள்ளி கெடையாது. பதினஞ்சு கெஜம் பின்னாடி. பெஞ்சுலேருந்து சைகை."

ட்ராஸ்க் எழுந்தார். இத்தனை நாளில் ஒருவன் சிக்கியிருக்கிறான். "யாருடா அது? டச்சா? பேரைச் சொல்லு லைல், திங்கக்கெழம கூட்டத்துல நிறுத்தி உரிச்சுடறேன்."

டச் கோட்டுப் பையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினார்.

லைல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கோச், நானும் உங்ககிட்ட நாலு வருஷம் ஆடினவன்தானே. எடது காதை இழுத்தா எடப்பக்கம் ஓடணும். மறக்குமா?"

"நான் எங்கடா இழுத்தேன்?"

எதிர்வரிசையில் கல்லூரித் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ட்ராஸ்க்கின் கை இன்னும் இடது காதில்தான் இருந்தது.