விஜயதசமி அன்று தேயாத நார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு பூட்டு. தருமபுரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தமிழ் மன்றத்தைத் தொடங்கிவைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விருந்தினர் அறைச் சாவியை வைத்திருந்தவர் ஏதோ கல்யாணத்துக்குக் கடத்தூர் போய்விட்டார். "கொஞ்ச நேரம் இங்க உக்காருங்க சார்" என்று இயந்திரவியல் ஆய்வகத்தில் ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டுப் போனவர்கள், சால்வை போடும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார்கள்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்டேன். எழுத்தாளன் வேறென்ன செய்வான்.

2

முதல் தொடக்கம்: "கோகிலவாணி ஜன்னல் வழியே தொப்பூர் மலையைப் பார்த்தபடி, வாழ்க்கை என்பதே ஓர் உராய்வுதானோ என்று"

வேண்டாம். அந்த அறையில் ஜன்னலே இல்லை. தவிர, வருஷக்கணக்காக உராய்வை அளந்துகொண்டிருப்பவளுக்கு அதோடு வாழ்க்கையை ஒப்பிட நேரம் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: "இயற்கை இழைகளால் வலுவூட்டப்பட்ட பலபடிக் கலப்புப் பொருள்களின் உராய்வும் தேய்மானமும்"

கோகிலவாணி அங்கே ஆராய்ச்சி மாணவி; சண்டையில் ஒரு குரல் அவளுடையது. இது அவள் ஆய்வேட்டின் தலைப்பு. இப்படித் தொடங்கினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். வரப்போரம் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்குமே கற்றாழை, அதன் நாரை உரித்து, எப்பாக்ஸி என்கிற பிசினில் போட்டு இறுகவைத்தால் மரக்கட்டை மாதிரி ஒரு பொருள் கிடைக்கிறது. அதில் கரும்புச்சாறு இயந்திரத்துக்குப் புஷ் செய்ய வேண்டும் என்பது கோகிலவாணியின் ஆசை. புஷ் என்பது சுழலும் தண்டைத் தாங்குகிற வளையம். உலோகத்தில் இருந்தால் கிரீஸ் போட வேண்டும்; கிரீஸ் சாற்றில் சொட்டும். (அரூரில் நானே குடித்திருக்கிறேன். இஞ்சி என்று நினைத்துக்கொண்டேன்.) நார் புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டாம். ஆனால் அது சீக்கிரம் தேயக்கூடாது.

தேயுமா என்று பார்க்க ஓர் இயந்திரம் இருக்கிறது. அதில் ஓர் எஃகுத் தட்டு சுழலும். விரல் மொத்தத்தில் ஒரு நார்த்துண்டை அதன்மேல் அழுத்தி ஓடவிட்டு, முன்னும் பின்னும் எடை போட வேண்டும். அவ்வளவுதான் விஞ்ஞானம், மிச்சமெல்லாம் பொறுமை.

3

இன்னொரு குரல், ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி பிரகாஷுடையது. ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்ததும் அவர்தான்.

"கிறிஸ்டின் ஆளு, கடமைக்கு வெச்சிட்டுப் போயிட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல. அதான் கொஞ்சம் தாராளமா வெச்சேன்."

"தட்டு முழுக்க அப்பி வெச்சிருந்தீங்கண்ணா."

"நீ தொடைச்சிட்டு ஓட்டியிருக்கணும்மா."

"விஜயதசமி அன்னிக்கு சாமிப் பொட்டு மேல அசிட்டோன ஊத்தச் சொல்றீங்களா?"

மற்ற நாளெல்லாம் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் தட்டை, பிசுக்கெல்லாம் போக்குகிற அசிட்டோன் போட்டுப் பளிச்சென்று துடைக்கிறவள். அன்று நல்ல நாளில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று, சந்தனத்தை வெறும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஓட்டிவிட்டாள். நார் தேயவே இல்லை. உராய்வு அதலபாதாளத்துக்கு இறங்கியது. ஆய்வு வழிகாட்டி நிர்மலா மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். கட்டுரையை ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு எப்போது ஓட்டினாலும் நார் தேய்ந்தது. காரணம் புரியாமல் குழம்பிக் கிடந்தவளுக்கு, நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அன்று, அந்தச் சண்டையில்தான் விளங்கியது. தேய்மானத்தைத் தடுத்தது நாரல்ல, பிரகாஷ் நல்லெண்ணெயில் குழைத்த சந்தனம்.*

"மேடம்கிட்ட சொன்னா கட்டுரையத் திரும்ப வாங்கணும். பட்டம் எப்ப வரும்னே தெரியாது. சொல்லலைன்னா..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

(* எண்ணெய் எதற்கு என்று பிறகு கேட்டேன். சந்தனம் காய்ந்து உதிராமல் இருக்கட்டும் என்றார். பக்தியில் இவ்வளவு முன்யோசனை உள்ள ஆளை நான் பார்த்ததில்லை.)

4

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். மேடம் கண்கலங்கி அவளை அணைத்து (மேடத்தை அன்று மேடையில் பார்த்தேன். அணைக்கிற ஆள் இல்லை.)

முடிவு ஆ: சொல்லவில்லை. பட்டம் வாங்குகிறாள். மாரண்டஹள்ளியில் யாரோ அந்த ஆய்வை நம்பிப் புஷ் செய்து மாட்டுகிறார்கள். கோடைக்காலம். சாற்றில் நார்த்தூள். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இதை எழுதி அடித்துவிட்டேன்.

முடிவு இ: சந்தனப் புஷ்ஷுக்குக் காப்புரிமை வாங்கி எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். பிரகாஷுக்குப் பிடித்த முடிவு இதுதான்.

5

தொழில்நுட்பத் தவறு இருக்குமோ என்ற பயத்தில் கோகிலவாணிக்கே கதையை அனுப்பினேன். போன் வந்தது.

"மெஷினெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க சார். எதுல வரப்போவுது?"

பத்திரிகையின் பெயரைச் சொன்னேன்.

"மேடம் அதத் தவறாம படிப்பாங்க."

"எல்லார் பேரையும் மாத்திட்டேனேம்மா."

"பேர மாத்தி என்னங்க சார்? பொட்டு வெச்ச தட்டுல டெஸ்ட் ஓட்டுனவ ஊர் உலகத்துல வேற யாரு இருக்கா?"

நியாயம்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"நிறுத்தாதீங்க. எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க. மேடம் ரூம் வாசல் வரைக்கும் போயிப் போயித் திரும்பி வந்துடறேன் சார். உங்க கதை வருதுன்னா, அதுக்குள்ள போயே ஆவணும்ல."

என் கதையைப் பார்த்து இத்தனை காலத்தில் ஒருவர் பயந்தது இதுதான் முதல் தடவை. தேதியைச் சொன்னேன்.

6

அவள் போனாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வாசகரே, இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு உங்களை இங்கேயே இறங்கச் சொல்வதற்கு மன்னியுங்கள். இனி இருப்பது வேறொருவருக்கு.

மேடம், வணக்கம். அவள் ஏற்கெனவே வந்து சொல்லியிருந்தால், சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். இன்னும் வரவில்லை என்றால், இதழை மூடி டிராயரில் போட்டுவிடுங்கள். கதவைத் தட்டுவாள். உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது.